நாற்காலியை விட்டு எழ வைப்பது எப்படி? வயதான பெற்றோர் வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

காலையில் அரை மணி நேரம் நடந்துவிட்டு வந்து, "இன்னைக்கு நடை முடிஞ்சுது" என்று அப்பா நாற்காலியில் சாய்கிறார். அதற்கப்புறம் சாப்பிட, கழிவறைக்குப் போக, படுக்க என்று எழுந்தால் உண்டு. விழித்திருக்கும் பதினைந்து மணி நேரத்தில் அரை மணி போக மீதி எல்லாம் உட்கார்ந்தபடியேதான். வீட்டில் எல்லோரும் அந்த அரை மணியைப் பற்றியே பேசுகிறார்கள்: இன்று போனாரா, எத்தனை சுற்று, ஏன் போகவில்லை. மீதிப் பதினான்கரை மணி நேரத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை. இந்த வழிகாட்டி பெரும்பாலும் அந்த மீதி நேரத்தைப் பற்றியது. நடையும் பயிற்சியும் இதில் வரும், ஆனால் அவற்றின் முறை வரும்போது.

உட்கார்ந்தே இருந்தால் என்ன கெடுகிறது?

உடற்பயிற்சி செய்யாமல் இருப்பது ஒன்று, நெடுநேரம் அசையாமல் உட்கார்ந்திருப்பது வேறொன்று. இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கலாம், தனித்தனியாகவும் இருக்கலாம். 1953-இல் ஜெர்ரி மோரிஸ் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் லண்டன் பேருந்து ஊழியர்களை ஒப்பிட்டு ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நாளெல்லாம் இருக்கையில் இருந்த ஓட்டுநர்களைவிட, மாடிப் பேருந்தில் ஏறி இறங்கிக்கொண்டே இருந்த நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவாக வந்திருந்தது. நடத்துநர்கள் யாரும் தனியாக உடற்பயிற்சி செய்தவர்கள் அல்ல. வேலையே அவர்களை உட்கார விடவில்லை.

உட்கார்ந்திருக்கும்போது உடலின் பெரிய தசைகளான தொடையும் பிட்டமும் கெண்டைக்காலும் வேலையில்லாமல் கிடக்கின்றன. ரத்தத்திலுள்ள சர்க்கரையைப் பெருமளவில் எடுத்துக்கொள்பவை இந்தத் தசைகள்தான். சாப்பிட்டதும் உட்கார்ந்துவிட்டால் சர்க்கரை ஏறி, இறங்க நேரமாகிறது. கெண்டைக்கால் சுருங்கி விரியும்போதுதான் காலிலுள்ள ரத்தம் மேலே தள்ளப்படுகிறது. அது நின்றுபோனால் சாயங்காலம் கணுக்கால் வீங்குகிறது.

வயதானவர்களுக்கு இதில் இன்னொரு இழப்பும் உண்டு. வயதோடு தசை குறையும், வலிமை அதைவிட வேகமாகக் குறையும். ஆரோக்கியமான முதியவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே வைத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2007-இல் வெளிவந்தது. அந்தப் பத்து நாளில் அவர்கள் கால்களிலிருந்து மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை குறைந்திருந்தது. இளைஞர் ஒருவர் இழந்ததைச் சீக்கிரம் மீட்டுவிடுவார், எழுபத்தைந்து வயதுக்காரருக்கு அது மாதக்கணக்கில் ஆகலாம்.

நல்ல செய்தியும் இருக்கிறது. 1990-இல் பாஸ்டன் முதியோர் இல்லம் ஒன்றில் தொண்ணூறு வயதையொட்டிய பத்துப் பேருக்கு எட்டு வாரம் கால் தசைகளுக்கு எடைப்பயிற்சி கொடுத்தார்கள். முடித்த ஒன்பது பேரின் தொடை வலிமை சராசரியாக 174 சதவீதம் கூடியிருந்தது. "இந்த வயசுக்கு மேல என்ன ஆகப்போகுது" என்று சொல்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

எவ்வளவு வேண்டும்?

65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்ன அளவு: வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளை வலுவாக்கும் பயிற்சி, மூன்று நாளாவது சமநிலைக்கான பயிற்சி, உட்காரும் நேரத்தைக் குறைத்தல். ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்று முன்பு ஒரு நிபந்தனை இருந்தது. அதை 2020-இல் எடுத்துவிட்டார்கள். இரண்டு நிமிட நடையும் கணக்கில் சேரும்.

இந்த எண்களைப் பெற்றோரிடம் முதல் நாளே காட்டாதீர்கள். நாளெல்லாம் உட்கார்ந்திருப்பவருக்கு 150 நிமிடம் என்றால் மலைப்பாக இருக்கும். ஒன்றுமே செய்யாதவர் கொஞ்சம் செய்யத் தொடங்கும்போது கிடைக்கும் பலன்தான் மிகப் பெரியது.

படி 1: முதலில் சும்மா கவனியுங்கள்

இரண்டு மூன்று நாள் எதையும் மாற்றாமல் பாருங்கள். எந்த நாற்காலியில், எந்த நேரத்தில், எவ்வளவு நேரம் தொடர்ந்து உட்கார்கிறார்? எதற்காக எழுகிறார்? எழ வேண்டிய வேலைகளை யார் தடுக்கிறார்கள்? கடைசிக் கேள்விக்குப் பல வீடுகளில் பதில் "நாம்தான்" என்று வரும்.

எழும் விதத்தைக் கிட்டத்தில் நின்று பாருங்கள். கைப்பிடியை இரு கையாலும் பிடித்து உந்துகிறாரா? முதல் முயற்சியில் பாதி எழுந்து மறுபடி "தொப்"பென்று உட்கார்கிறாரா? எழுந்தவுடன் நடக்காமல் ஒரு நொடி எதையாவது பிடித்துக்கொண்டு நிற்கிறாரா? நடக்கும்போது விரல் நுனியால் சுவரையும் மேசை ஓரத்தையும் தொட்டுக்கொண்டே போகிறாரா? அவர் வாயால் சொல்லமாட்டார், விரல்கள் சொல்லிவிடும்.

படி 2: மருத்துவரிடம் எதற்காகப் போக வேண்டும்?

வீட்டுக்குள் கொஞ்சம் கூடுதலாக நடக்க யாரும் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் நடக்கும்போது நெஞ்சு இறுக்கம், வழக்கத்துக்கு மாறான மூச்சு வாங்கல், மயக்கம், ஒரு காலில் மட்டும் புதிதாக வீக்கம், கடந்த ஓராண்டில் இரண்டு முறை கீழே விழுந்தது, அண்மையில் அறுவை சிகிச்சை அல்லது எலும்பு முறிவு, இவற்றில் ஏதாவது இருந்தால் முதலில் மருத்துவரைப் பாருங்கள்.

போகும்போது எல்லா மாத்திரைகளையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். தூக்க மாத்திரை, ரத்த அழுத்த மாத்திரை, மன அழுத்தத்துக்கான மாத்திரை போன்றவை சிலருக்குத் தள்ளாட்டம் தரும். எழுந்ததும் தலை சுற்றுகிறது என்றால் படுத்த நிலையில் ஒரு முறையும், எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் மறுபடியும் ரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் அது கவனிக்க வேண்டிய பிரச்சினை. மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

படி 3: இப்போது எந்த நிலையில் இருக்கிறார் என்று அளவெடுங்கள்

அளவெடுக்காமல் தொடங்கினால் ஒரு மாதம் கழித்து முன்னேற்றம் தெரியாது, உற்சாகமும் வராது. வீட்டிலேயே செய்ய இரண்டு சோதனைகள் போதும்.

முதலாவது, நாற்காலிச் சோதனை. சுமார் 43 செ.மீ. உயரமுள்ள, நகராத நாற்காலி ஒன்றைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, 30 விநாடியில் எத்தனை முறை முழுமையாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். 65 முதல் 69 வயதில் ஆண்களுக்கு 12, பெண்களுக்கு 11-க்குக் கீழே வந்தால் சராசரிக்குக் குறைவு. 75 முதல் 79 வயதில் ஆண்களுக்கு 11, பெண்களுக்கு 10. 80 முதல் 84-இல் 10, 9. கையை ஊன்றாமல் ஒரு முறைகூட எழ முடியவில்லை என்றால் மதிப்பெண் பூஜ்யம். பரவாயில்லை, அதுவே தொடங்கும் இடம்.

இரண்டாவது, நிற்கும் சோதனை. பக்கத்தில் பிடித்துக்கொள்ள உறுதியான மேசையும், மறுபுறம் நீங்களும் இருக்க வேண்டும். இரண்டு பாதங்களையும் ஒட்டி வைத்து 10 விநாடி. பிறகு ஒரு பாதத்தைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தி 10 விநாடி. அப்புறம் ஒரு பாதத்தின் குதிகால் மற்றதன் விரல்களைத் தொடும்படி நேர்க்கோட்டில் 10 விநாடி. இந்த மூன்றாவதில் நிற்க முடியாவிட்டால் விழும் ஆபத்து கூடுதல் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

எண்ணையும் தேதியையும் எழுதி அவர் கண்ணில் படும் இடத்தில் ஒட்டுங்கள். நான்கு வாரம் கழித்து மறுபடி பாருங்கள்.

படி 4: உட்காரும் நேரத்தை உடையுங்கள்

என்னைக் கேட்டால் முழு வழிகாட்டியிலும் இதுதான் பெரிய படி. பயிற்சி எல்லாம் இதற்குப் பின்னால்தான்.

தினமும் 60 முதல் 75 நிமிடம் நன்றாக உழைத்து நடப்பவர்களுக்கு, நெடுநேரம் உட்காருவதால் கூடும் மரண ஆபத்து பெருமளவு ஈடாகிவிடுகிறது என்று 2016-இல் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தரவைத் திரட்டிப் பார்த்த ஆய்வு காட்டியது. ஆனால் எண்பது வயதில் எத்தனை பேரால் தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் அப்படி நடக்க முடியும்? நடந்து ஈடுகட்ட முடியாதவர் உட்காருவதைத்தான் குறைக்க வேண்டும்.

இலக்கு எளிது: அரை மணிக்கு ஒரு முறை எழுந்து, ஒன்றிரண்டு நிமிடம் நின்று அல்லது நடந்து, மறுபடி உட்காரலாம். இதற்குக் கைக்கடிகாரத்தில் அலாரம் வைப்பது பலரும் செய்யும் முதல் வேலை. இரண்டு நாள் ஒலிக்கும், மூன்றாம் நாள் எரிச்சலாகி அணைத்துவிடுவார். அலாரத்துக்குப் பதில் ஏற்கெனவே நடக்கும் விஷயங்களோடு எழுவதை முடிச்சுப் போடுங்கள். டிவியில் விளம்பரம் வந்தால் எழுவது. போன் வந்தால் நின்றுகொண்டே பேசுவது. மாத்திரை போட்டதும் கூடத்தை ஒரு சுற்று. செய்தித்தாளில் ஒரு பக்கம் முடிந்தால் சன்னல் வரை போய் வருவது.

அடுத்தது பொருள்களின் இடம். கண்ணாடி, ரிமோட், சார்ஜர், புத்தகம், தண்ணீர் என்று எல்லாவற்றையும் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மேசையில் அடுக்கி வைத்திருப்போம். அன்பினால் செய்ததுதான். ஆனால் எழுவதற்கான காரணங்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிவிட்டோம். போன் சார்ஜரை அடுத்த அறைக்கு மாற்றுங்கள். பெரிய பாட்டிலுக்குப் பதில் சின்ன டம்ளர் வையுங்கள், நிரப்ப எழ வேண்டியிருக்கும். இதில் ஓர் எச்சரிக்கை: எழ அலுத்துக்கொண்டு தண்ணீரே குடிக்காமல் இருப்பவராக இருந்தால் பாட்டில் பக்கத்திலேயே இருக்கட்டும். வயதானால் தாகம் மந்தமாகத்தான் தெரியும்.

நாற்காலியும் முக்கியம். அமிழ்ந்துபோகும் தாழ்ந்த சோபா முதியவர்களுக்கு ஒரு பொறி. அதிலிருந்து எழுவது கஷ்டம், அதனால் எழுவதையே தள்ளிப்போடுவார். உட்காரும் பலகை முழங்கால் உயரத்துக்கு அல்லது அதற்குச் சற்று மேலே இருக்க வேண்டும். கைப்பிடியும், அழுத்தினால் அமிழாத கெட்டியான மெத்தையும் வேண்டும். இருக்கையைக் கெட்டியான திண்டு வைத்து உயர்த்தினாலே சிலர் எழும் எண்ணிக்கை கூடிவிடும்.

எழுந்து போகும் பாதையும் பத்திரமாக இருக்க வேண்டும். மடங்கும் தரைவிரிப்பு, குறுக்கே ஓடும் ஒயர், ஈரமான குளியலறைத் தரை, பின்பக்கம் பிடிப்பில்லாத செருப்பு, இருட்டு. இவற்றைச் சரிசெய்யாமல் "எழுந்து நடங்க" என்று சொல்வதில் அர்த்தமில்லை. படுக்கையிலிருந்து கழிவறை வரை இரவு விளக்கும், கழிவறையில் சுவரில் பதித்த பிடிகம்பியும் போட்டுவிடுங்கள்.

படி 5: உதவியைக் குறையுங்கள்

"நீங்க உட்காருங்கம்மா, நான் பாத்துக்கறேன்." இந்த ஒரு வாக்கியம் பல தாய்மார்களை நாற்காலியோடு கட்டிப்போட்டிருக்கிறது. துணி மடிப்பது, பாத்திரம் துடைப்பது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, கதவைத் திறப்பது என ஒவ்வொரு வேலையும் குறையும்போது உடல் உழைப்போடு வீட்டில் தனக்கு இருந்த இடமும் குறைகிறது. நமக்கு வேகமாக முடியும் என்பதற்காகவே பாதி வேலையைப் பிடுங்குகிறோம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

அவரால் செய்ய முடிவதை அவரே செய்யட்டும், இரண்டு மடங்கு நேரம் ஆனாலும். பாதி முடிந்தால் பாதியைச் செய்யட்டும். சட்டையை அவர் போட்டுக்கொள்ள, கடைசிப் பொத்தானை மட்டும் நீங்கள் போடலாம். பத்துப் பொருளை ஒரே தடவையில் கொண்டுபோய் வைப்பதற்குப் பதில் ஒவ்வொன்றாக எடுத்துப் போகட்டும்.

கேட்கும் விதமும் உண்டு. "நடங்கப்பா, டாக்டர் சொன்னாருல்ல" என்றால் அது கட்டளை. "அப்பா, தபால் வந்திருக்கான்னு பாத்துட்டு வர்றீங்களா?" என்றால் அது வேலை. பெரும்பாலானவர்கள் கட்டளைக்கு முகம் சுளிப்பார்கள், வேலைக்கு எழுந்து போவார்கள்.

படி 6: எழுந்து உட்காருவதையே பயிற்சியாக்குங்கள்

ஒரே ஒரு பயிற்சிதான் செய்ய முடியும் என்றால் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவதைத்தான் தேர்ந்தெடுப்பேன். கழிவறைக்குத் தானாகப் போகும் சுதந்திரம் இந்த ஓர் அசைவை நம்பித்தான் இருக்கிறது.

செய்முறை இது. நாற்காலியைச் சுவரோடு ஒட்டுங்கள். இருக்கையின் முன் விளிம்புக்கு நகர்ந்து வரச் சொல்லுங்கள். பாதங்களை இடுப்பகலத்துக்கு விரித்து, குதிகால் முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இருக்கும்படி இழுத்து வைக்க வேண்டும். எழ முடியாதவர்கள் பலரும் பாதத்தை முன்னால் நீட்டி வைத்துக்கொண்டுதான் சிரமப்படுவார்கள். இப்போது முதுகை வளைக்காமல் இடுப்பிலிருந்து முன்னால் சாய்ந்து, மூக்கு கால் கட்டைவிரலுக்கு நேராக வரும்வரை போய், குதிகாலால் தரையை அழுத்தி எழுவது. நின்றதும் ஒரு மூச்சு. அப்புறம் பின்னங்கால் நாற்காலியில் படுகிறதா என்று உணர்ந்து, மூன்று எண்ணும் நேரம் எடுத்து மெதுவாக இறங்குவது. விழுவதுபோல் உட்காரக் கூடாது. இறங்கும்போது தொடை எடையைத் தாங்குவதும் பயிற்சியில் பாதி.

மூச்சை அடக்கக் கூடாது. சத்தமாக எண்ணச் சொன்னால் மூச்சு தானாக ஓடும்.

ஐந்து முறையில் தொடங்கி, ஒரு நிமிடம் ஓய்வெடுத்து, மறுபடி ஐந்து. சுலபமாக வந்ததும் எட்டு, பிறகு பத்து. இரு கை ஊன்றி எழுபவர் ஒரு கைக்கு மாறட்டும், அப்புறம் கையில்லாமல். அதுவும் சுலபமானால் கொஞ்சம் தாழ்ந்த நாற்காலி, அல்லது மார்போடு ஏதாவது எடையை அணைத்துக்கொண்டு. கடைசி ஒன்றிரண்டு முறை கொஞ்சம் சிரமமாக இருக்க வேண்டும். சிரமமே இல்லையென்றால் தசை வளர்வதற்குக் காரணம் இல்லை. இந்தத் தீவிரமான சுற்றுகளை வாரத்தில் இரண்டு மூன்று நாள், இடையில் ஒரு நாளாவது விட்டுச் செய்தால் போதும். சாதாரணமாக எழுவது தினமும் நடக்கட்டும்.

இதோடு மூன்றைச் சேர்க்கலாம்: மேசையைப் பிடித்தபடி குதிகாலை உயர்த்தி இறக்குவது, ஒரு காலைப் பக்கவாட்டில் தூக்குவது, சுவரில் கையூன்றித் தண்டால் போலச் சாய்ந்து தள்ளுவது.

படி 7: சமநிலை

நடைப்பயிற்சி மட்டும் செய்தால் விழாமல் இருந்துவிடலாம் என்று பலரும் நம்புகிறார்கள். விழுவதைக் குறைப்பதற்குச் சான்று அதிகம் இருப்பது சமநிலையும் காலின் வலிமையும் சேர்ந்த பயிற்சிகளுக்குத்தான். 2019-இல் நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், உடற்பயிற்சி கீழே விழுவதை ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குறைப்பது தெரிந்தது. நியூசிலாந்தில் உருவான ஒட்டாகோ பயிற்சித் திட்டமும் மெதுவான அசைவுகளால் ஆன சீனத்தின் தாய்ச்சிப் பயிற்சியும் இதில் பெயர் பெற்றவை.

வீட்டில் தொடங்க: சமையல் மேடை போன்ற உறுதியான ஒன்றைப் பிடித்தபடி, படி 3-இல் செய்த மூன்று நிலைகளில் எது தள்ளாட வைக்கிறதோ அதையே தினமும் நின்று பழகுவது. பிறகு பிடியை உள்ளங்கையிலிருந்து விரல் நுனிக்கு, அதிலிருந்து தொடாமல் அருகில் கை வைப்பதற்கு மாற்றுவது. அதற்கப்புறம் மேடை ஓரமாகப் பக்கவாட்டில் நடப்பது, பின்னோக்கி நடப்பது, குதிகாலும் விரலும் ஒட்ட நடப்பது. கொஞ்சம் தள்ளாடினால்தான் பழக்கம் வரும். விழாத அளவுக்கு யாராவது பக்கத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

படி 8: நடை

வேகத்துக்கு அளவுகோல் பேச்சு. நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் மிதமான உழைப்பு. நாடித்துடிப்பை எண்ணுவது பலருக்குப் பயன்படாது. இதயத் துடிப்பைக் கட்டுப்படுத்தும் மாத்திரை சாப்பிடுபவருக்கு எவ்வளவு உழைத்தாலும் துடிப்பு அதிகம் ஏறாது.

நாளுக்குப் பத்தாயிரம் காலடி நடக்க வேண்டும் என்ற எண்ணை மறந்துவிடலாம். அது 1960-களில் ஜப்பானில் அடி எண்ணும் கருவி ஒன்றை விற்க வந்த எண். சராசரி 72 வயதுள்ள பெண்களை வைத்து 2019-இல் வந்த அமெரிக்க ஆய்வில், நாளுக்கு ஏறக்குறைய 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடமே இறப்பு குறைவாக இருந்தது. 7,500-க்கு மேல் கூடுதல் பலன் தெரியவில்லை. இப்போது நடப்பதைவிட 500 அடி கூட்டி, அது பழகியதும் இன்னொரு 500 என்று போனால் போதும்.

சாப்பிட்ட பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் மெதுவாக நடப்பது சர்க்கரைக்கு நல்லது. மூன்று வேளையும் செய்தால் அன்றைய நடைக் கணக்கும் முடிந்துவிடும்.

கைத்தடி வேண்டியவர்களுக்கு வெட்கம் அதிகம். உயரம் தவறாக இருப்பதும் அதிகம். செருப்பு போட்டு நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால், தடியின் பிடி மணிக்கட்டு மடிப்புக்கு நேராக வர வேண்டும். வலிக்கும் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். வலது முழங்கால் வலித்தால் தடி இடது கையில். மாடிப்படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கும் கால் முதலில்.

உடல்நிலைக்கேற்ற மாற்றங்கள்

மூட்டுத் தேய்மானம் இருந்தால் நடக்கக் கூடாது என்பது பழைய நினைப்பு. பயிற்சியே அதற்கான முதல் சிகிச்சைகளில் ஒன்று. லேசான வலியோடு செய்து, மறுநாள் காலைக்குள் வலி பழைய நிலைக்கு வந்தால் சரியான அளவு. முழங்கால் வீங்கினாலோ, மறுநாள் வலி கூடியிருந்தாலோ பாதியாகக் குறைக்க வேண்டும், முழுவதும் நிறுத்த வேண்டியதில்லை.

இன்சுலினோ, சர்க்கரையைத் தாழ்த்தக்கூடிய மாத்திரையோ எடுப்பவர் வெறும் வயிற்றில் நெடுந்தூரம் போகக் கூடாது. கையில் இனிப்பு ஏதாவது இருக்கட்டும். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு ஒவ்வொரு நடைக்குப் பின்னும் பாதத்தை நீங்களே பாருங்கள், கொப்புளம் வந்தாலும் அவருக்குத் தெரியாது.

எலும்பு அடர்த்தி குறைந்தவர்கள் முதுகை வளைத்து ஆழமாகக் குனிவதையும், குனிந்தபடி திரும்புவதையும் தவிர்க்க வேண்டும். நிற்கவே முடியாதவர்கள் உட்கார்ந்தபடி முழங்காலை நீட்டி மடக்கலாம், குதிகாலைத் தட்டலாம், கைகளைத் தலைக்கு மேல் தூக்கலாம்.

மறதி நோய் உள்ளவரிடம் விளக்கம் பலிக்காது. ஒரு நேரத்தில் ஒரே ஒரு வார்த்தை, நீங்கள் முன்னால் செய்து காட்டுவது, தினமும் அதே நேரம், அதே இடம். பிடித்த பாட்டைப் போட்டால் சொல்லாமலே கால் அசையும்.

எல்லோருக்கும் பொதுவாக: நெஞ்சு வலி, திடீர் மூச்சுத் திணறல், மயக்கம், ஒரு பக்கக் கை கால் பலவீனம், பேச்சுக் குழறல் வந்தால் உடனே நிறுத்தி அவசர மருத்துவ உதவியை அழையுங்கள்.

"எனக்கு வேண்டாம்" என்று சொன்னால்

அந்த வார்த்தைக்குப் பின்னால் பெரும்பாலும் சோம்பல் இருப்பதில்லை, சொல்லக் கூசும் காரணம் ஒன்று இருக்கும். எழுந்தால் சிறுநீர் கசிகிறது. தரை சரியாகத் தெரியவில்லை. முன்பு ஒரு முறை விழுந்ததை வீட்டில் சொல்லவில்லை. செருப்பு கடிக்கிறது. கூட நடந்த நண்பர் இப்போது இல்லை. சிலரிடம் அது மனச்சோர்வு. தனியாக இருக்கும்போது, அவசரமில்லாமல் கேட்டுப் பாருங்கள். சிறுநீர்க் கசிவுக்கும் கண்புரைக்கும் சிகிச்சை இருக்கிறது. காரணம் தீர்ந்தால் நடையைப் பற்றித் தனியாகப் பிரசங்கம் தேவைப்படாது.

விழுந்துவிடுவோமோ என்ற பயம் இதில் தனி ரகம். பயந்தவர் நடப்பதைக் குறைப்பார், கால் பலவீனமாகும், அதனாலேயே விழுவார். இவர்களுக்கு விழுந்தால் எழுவது எப்படி என்று ஒரு முறை கற்றுக்கொடுப்பது தைரியம் தரும்: உடனே எழாமல் அடிபட்டிருக்கிறதா என்று பார்ப்பது, பக்கவாட்டில் புரளுவது, முழங்கையூன்றி நான்கு காலில் நிற்பதுபோல் வருவது, தவழ்ந்து உறுதியான நாற்காலிக்குப் போவது, அதில் கையூன்றி வலுவான காலை முன்னால் வைத்து எழுந்து திரும்பி உட்காருவது. முழங்கால் அனுமதித்தால் கட்டில் ஓரத்தில் மெத்தை போட்டு ஒத்திகை பார்க்கலாம். இடுப்பிலோ தலையிலோ அடிபட்டால் எழக் கூடாது, ஆளை அழைக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். போன் எப்போதும் சட்டைப்பையிலோ கழுத்திலோ இருக்கட்டும்.

காய்ச்சல், மருத்துவமனை, அதற்குப் பின்

பல மாத உழைப்பு ஒரு வாரப் படுக்கையில் கரைவது இங்கேதான். மருத்துவமனையில் இருக்கும்போதே, மருத்துவர் அனுமதித்தால், சாப்பாட்டைக் கட்டிலில் சாப்பிடாமல் நாற்காலிக்கு மாறிச் சாப்பிட வையுங்கள். கழிவறைக்கு, துணையோடாவது, நடந்து போகட்டும். "ரெஸ்ட் எடுக்கட்டும்" என்று எல்லோரும் சொல்வார்கள். எத்தனை நாள், படுத்தேவா, எழுந்து நடக்கலாமா என்று மருத்துவரிடம் தெளிவாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

வீடு திரும்பியதும் பழைய அளவில் பாதியிலிருந்து தொடங்குங்கள். பத்து முறை எழுந்தவர் ஐந்து, பதினைந்து நிமிடம் நடந்தவர் ஏழு. காய்ச்சல் இருக்கும் நாளில் பயிற்சி வேண்டாம், படுக்கையிலிருந்து எழுந்து நாற்காலியில் உட்காருவது மட்டும் போதும். மூன்று நான்கு நாளுக்கு ஒரு முறை கொஞ்சம் கூட்டுங்கள். இரண்டு வாரம் கழித்து நாற்காலிச் சோதனையை மறுபடி செய்து, சுவரில் ஒட்டிய பழைய எண்ணோடு ஒப்பிடுங்கள். எண் ஏறாமல் அங்கேயே நின்றாலோ, முன்பு தானாக எழுந்தவருக்கு இப்போது உங்கள் கை தேவைப்பட்டாலோ, பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் அனுப்பச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். "வயசாச்சுன்னா அப்படித்தான்" என்று பதில் வந்தால், ஒரு மாதத்துக்கு முன்பு எத்தனை முறை எழுந்தார் என்ற அந்தத் தாளைக் காட்டி மறுபடியும் கேளுங்கள்.